பழைய அலுமாரி: வாங்க முன்னும் விற்க முன்னும்

எங்கள் வீடு - மாதாந்தப் பத்தி



சென்ற மாதம் குருநகர் தொடர்மாடிக் குடியிருப்புப் பக்கம் களப்பணிக்குச் சென்றிருந்தேன். படிக்கட்டின் அடியில் ஒரு பெரிய மர அலுமாரி நின்றது. நான்கு இளைஞர்கள் வியர்வை வழிய அதைச் சுற்றி நின்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மாடியில் வசிக்கும் ஓர் அக்கா அதைப் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் வாங்கியிருந்தார். கருவாடு விற்றும் சீட்டுக் கட்டியும் சேர்த்த காசு. முதல் வளைவிலேயே அலுமாரி இறுகிவிட்டது.

"மேல் பக்கத்தை வாளால் அரிந்துவிட்டால் ஏற்றலாம்" என்றான் ஒரு பையன். அக்கா ஒன்றும் பேசவில்லை. கண் மட்டும் கலங்கியது.

பிறகுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணமே வெளிக்கிட்டபோது, அவருடைய தாயின் அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இவர்களும் வெளிக்கிட்டார்கள். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை, அலுமாரியும் இல்லை. திறப்பு மட்டும் இன்றும் அவரிடம் இருக்கிறது. இப்போது வாங்கிய அலுமாரியின் கண்ணாடிக் கதவில் அம்மாவின் அலுமாரியில் இருந்ததைப் போலவே ஒரு பூவேலை. அதைக் கண்டதும் அளவும் பார்க்கவில்லை, விலையும் பேசவில்லை. வாங்கிவிட்டார்.

நல்லவேளை, கீழ் வீட்டில் இருந்த வயதான ஓடாவி ஒருவர் எழும்பி வந்தார். அலுமாரியின் பின்பக்கம் போய்க் கையால் தடவிப் பார்த்தார். "பொறு பிள்ளை, வெட்டாதேங்கோ. இது கழட்டிப் பூட்டிற சாமான்" என்றார். மேலே இருந்த முடிப்பலகையைத் தூக்கி எடுத்தார். உள்ளே இருந்த நான்கு திருகாணிகளையும் இரண்டு மர ஆப்புகளையும் கழற்றினார். அரை மணித்தியாலத்தில் அலுமாரி பலகை பலகையாகப் பிரிந்து, மூன்றாம் மாடிக்கு ஏறி, மறுபடியும் அலுமாரியாக நின்றது.

இந்தச் சம்பவத்தை நினைத்துக்கொண்டுதான் இம்மாதம் பழைய தளபாடம் பற்றி எழுத வந்தேன். எங்களில் சிலர் பழையதை வாங்குகிறோம். பலர் விற்கிறோம். இரண்டையும் பெரும்பாலும் அவசரத்தில் செய்கிறோம். மனம் இளகிய நேரத்தில் வாங்குவதும், கை இறுகிய நேரத்தில் விற்பதும் எங்களுக்கு நட்டத்தைத் தருகின்றன. கொஞ்சம் விபரம் தெரிந்திருந்தால் அந்த நட்டத்தைத் தவிர்க்கலாம்.

கதிரையும் மேசையும் வந்த வழி

எங்கள் வீட்டுச் சாமான்களின் பெயர்களிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, ஜன்னல், சாவி ஆகிய எல்லாமே போர்த்துக்கீச மொழியிலிருந்து வந்த சொற்கள். நாங்கள் இழுத்து மூடும் லாச்சி ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்தது. கட்டில், பெட்டி, பெட்டகம், முக்காலி என்பன எங்களுடைய சொற்கள். பாயில் இருந்து, பாயில் படுத்து, பெட்டகத்தில் பொருள் வைத்த வீடுகளுக்குள் கதிரையும் அலுமாரியும் பிறகு வந்து சேர்ந்தன.

போர்த்துக்கீசர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். 1795-96இல் அவர்களும் போய் ஆங்கிலேயர் வந்தார்கள். அந்நியர் காட்டிய மாதிரியைப் பார்த்து எங்கள் தச்சர்கள் எங்கள் மரத்தில் செய்தார்கள். முதிரையிலும் கருங்காலியிலும் தேக்கிலும் பலாவிலும் வேம்பிலும் செய்யப்பட்ட அந்தச் சாமான்கள் தலைமுறை தலைமுறையாகச் சீதனத்தோடு வீடு மாறின. கை நீண்ட சாய்மனைக் கதிரை தாத்தாவுக்கு, பெட்டகம் பாட்டிக்கு, கண்ணாடி அலுமாரி கலியாணப் பெண்ணுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உரித்தாளர் இருந்தார்.

போர் அவற்றைச் சிதறடித்தது. சில எரிந்தன. சில களவு போயின. சில விறகாயின. 2002இல் ஏ-9 பாதை திறந்தபோதும், 2009க்குப் பின்னரும் பழைய சாமான் வாங்குவோர் லொறியோடு எங்கள் ஒழுங்கைகளுக்குள் வந்தார்கள். தப்பியிருந்தவற்றில் எத்தனையோ கதவுகளும் தூண்களும் பெட்டகங்களும் அப்படிப் போய்விட்டன. கொடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு வீட்டில் அரிசி இருந்ததா என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

எது பழையது, எது மிகப் பழையது?

விற்பவர்கள் எல்லாவற்றையும் "ஒல்லாந்தர் காலம்" என்பார்கள். ஒல்லாந்தர் 1796இல் போய்விட்டார்கள். அப்படியானால் அந்தச் சாமானுக்கு வயது 225க்கு மேல் இருக்க வேண்டும். எங்கள் வீடுகளில் நாங்கள் காணும் பெரும்பாலான அலுமாரிகளும் கதிரைகளும் பாட்டி, பூட்டி காலத்தவை. அவற்றுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஒல்லாந்தர் காலத்து விலையைக் கொடுக்கத் தேவையில்லை. பொதுவாக நூறு வயதைத் தாண்டியதைத்தான் புராதனப் பொருள் என்று வியாபாரிகளும் கணக்கெடுப்பார்கள். அதற்குக் குறைந்தது வெறும் பழைய சாமான். உண்மையான ஒல்லாந்தர் காலத்துத் தளபாடம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள், கொழும்புக்குப் போகும்போது புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் உள்ள ஒல்லாந்தர் கால அரும்பொருட்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போகலாம். 1982இல் திறக்கப்பட்டது.

வயதை ஓரளவுக்கு நாங்களே பார்க்கலாம். லாச்சியை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். மூலையில் இரண்டு பலகையும் விரல் கோத்தது போல ஒன்றுக்குள் ஒன்று போயிருக்கும். அந்தப் பற்கள் ஒரே அளவாக, அச்சில் வார்த்தது போல இருந்தால் இயந்திரம் வெட்டியது. ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் கையால் வெட்டியது. பின்பலகையின் உட்பக்கத்தைத் தடவுங்கள். இழைப்புளி ஓடிய அலை கையில் தட்டுப்பட்டால் கைவேலை. ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட், இருந்தால் அது கடந்த நூற்றாண்டுச் சாமான், அல்லது பின்னர் திருத்தப்பட்டது. திருகாணி ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். நுனி கூரான திருகாணி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் பழக்கத்துக்கு வந்தது.

கை படும் இடமும் வயதைச் சொல்லும். கதிரையின் கைப்பிடி, லாச்சியின் விளிம்பு, கால் தட்டும் குறுக்குச் சட்டம் ஆகியவை தேய்ந்து வழுவழுப்பாக இருக்க வேண்டும். ஒருவரும் தொடாத இடமெல்லாம் தேய்ந்திருந்தால் யாரோ அரத்தாளால் "பழசாக்கி" இருக்கிறார்கள்.

வாங்க முன் ஐந்து விடயங்கள்

முதலாவது, தேவை. இந்தச் சாமான் வீட்டில் என்ன வேலை செய்யப் போகிறது? பிள்ளைகளின் புத்தகம் வைக்கவா, உடுப்பு வைக்கவா, வருபவர்கள் இருக்கவா? ஒரு பெட்டகம் மூடியிருக்கும்போது இருக்கையாகவும், திறந்தால் பாயும் தலையணையும் வைக்கும் இடமாகவும் பயன்படும். சிறிய வீட்டுக்கு அது அலுமாரியை விட நல்லது. ஒரு நீள வாங்கு மூன்று கதிரைக்குச் சமம், சுவரோடு ஒட்டி நிற்கும். கை நீண்ட சாய்மனைக் கதிரை அழகானதுதான். ஆனால் ஓர் அறைக்குள் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் அது இரண்டு பேரின் இடத்தைப் பிடித்துவிடும்.

இரண்டாவது, அளவு. அளவுநாடா இல்லாவிட்டால் ஒரு கயிறு போதும். வைக்கப்போகும் இடத்தின் அகலத்தையும் உயரத்தையும் கயிற்றில் முடிச்சுப் போட்டு அடையாளம் வையுங்கள். கதவின் அகலத்துக்கு ஒரு முடிச்சு. படிக்கட்டின் வளைவுக்கு ஒரு முடிச்சு. அந்தக் கயிற்றைக் கையோடு கொண்டு போங்கள். பழைய அலுமாரிகளில் பல, மேலே சொன்னது போலக் கழற்றிப் பூட்டக்கூடியவை. அதை விற்பவரிடமே கேட்டு, ஒருமுறை கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காசு கொடுத்த பிறகு கேட்டால் ஒருவரும் காட்ட மாட்டார்கள்.

மூன்றாவது, மரம். முதிரை பாரமானது, மஞ்சள் ஓடிய பளபளப்பு உடையது. ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும். பலா புதிதில் மஞ்சளாக இருந்து வயது போகப் போகத் தவிட்டு நிறமாகும். வேம்பில் பூச்சி இலகுவில் பிடிக்காது. தேக்கைத் தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். பொலிஷ் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும். ஆகையால் பொலிஷ் படாத அடிப்பக்கத்தையும் லாச்சியின் உட்பக்கத்தையும் பார்த்துத்தான் மரத்தை மதிக்க வேண்டும். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகைக்கு மேல் மர நிறத் தாள் ஒட்டியவையும் இப்போது பழையவற்றோடு கலந்து விற்கப்படுகின்றன. தண்ணீர் பட்டால் அவை ஊதிப் பிளந்துவிடும்.

நான்காவது, பூச்சி. குண்டூசித் தலை அளவில் துளைகள் இருப்பது பழைய மரத்தில் சாதாரணம். அந்தத் துளைக்குக் கீழே மாவைப் போலப் புதிய தூள் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தூள் இருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. அதைக் கொண்டு வந்தால் வீட்டின் கூரை மரத்துக்கும் பரவலாம். பின்பக்கத்தில் மண் கோடு இருந்தால் கறையான். கால்களின் அடியைத் தட்டிப் பாருங்கள், பொந்துச் சத்தம் கேட்டால் வேண்டாம். பிரம்பு பின்னிய கதிரை, பழைய கட்டில் என்றால் இடுக்குகளில் மூட்டைப்பூச்சியும் பார்க்க வேண்டும். சந்தேகமானதை வீட்டுக்குள் எடுக்காமல் முற்றத்தில் வைத்துக் கொதிநீர் ஊற்றிக் காயவிட்ட பிறகு எடுங்கள்.

ஐந்தாவது, இரும்பு. குருநகர் போன்ற கரையோரத்தில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். இரும்பு ஆணியைச் சுற்றி மரம் கறுத்து உக்கியிருக்கும். பித்தளைப் பிணைச்சலும் பித்தளைத் திருகாணியும் உள்ள சாமான் கரையோர வீட்டுக்கு ஏற்றது. இரும்பாக இருந்தால் மாற்றுவதற்கு எவ்வளவு செலவாகும் என்று முதலே கேட்டு, விலையில் அதைக் கழியுங்கள்.

இன்னொன்றையும் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். பழைய எனாமல் வர்ணம் பூசிய தொட்டில், சிறு கதிரை போன்றவற்றில் ஈயம் கலந்த வர்ணம் இருக்கலாம். உரிந்து விழும் வர்ணத்தைக் குழந்தை வாயில் வைத்தால் மூளை வளர்ச்சிக்கே கேடு. அதை வீட்டுக்குள் வைத்து உலரத் தேய்க்கவும் கூடாது, தூள் மூச்சோடு போகும். வர்ணம் உரியும் சாமானைக் குழந்தைக்கு என்று வாங்காமல் விடுவதே நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள். எறும்பும் கறையானும் ஏறாதிருக்கக் கால்களின் கீழே தண்ணீர்ச் சிரட்டை வைக்கும் வழக்கம் எங்களிடம் இருந்தது. டெங்கு உள்ள இந்தக் காலத்தில் அந்தத் தண்ணீர் நுளம்புக்குத் தொட்டிலாகிவிடும். அதற்குப் பதிலாக ஒரு கல்லுத் துண்டு வைத்து, வாரம் ஒருமுறை கூட்டிப் பார்த்தால் போதும்.

விற்க முன்

இனி விற்பதைப் பற்றி. கஷ்டம் வரும்போது நகைக்கு அடுத்ததாக வீட்டை விட்டுப் போவது தளபாடம். இதற்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண், தன் பெயரில் உள்ள காணியையே கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம் விதித்தது. கணவர் காணாமற் போயிருந்தால் நீதிமன்றப் படி ஏற வேண்டும். அசையும் பொருளுக்கு அந்தத் தடை இல்லை. சீதனமாக வந்த அலுமாரி உங்களுடையது, விற்கும் உரிமையும் உங்களுடையது. கணவரைத் தேடி அலையும் பெண்ணின் கையில் காணி இருந்தும் காசாகாதபோது, அவள் கை நீட்டக்கூடிய பொருளாக அலுமாரிதான் நிற்கிறது. உங்கள் காணி தொடர்பாகச் சந்தேகம் இருந்தால் யாழ்ப்பாணத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்கள்.

விற்பதென்று முடிவெடுத்தால் சில விடயங்களைக் கடைப்பிடியுங்கள். கேட்டு வந்த அன்றே கொடுக்காதீர்கள். "நாளைக்கு வாங்கோ" என்று சொல்வதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. உண்மையில் வேண்டுமென்றால் அவர் வருவார். அந்த ஒரு நாளில் வேறு இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். தச்சுவேலை தெரிந்த ஒருவரிடம் என்ன மரம், என்ன வேலைப்பாடு என்று கேட்டு வையுங்கள். "உளுத்துப் போச்சு, விறகுக்குத்தான் ஆகும்" என்று சொல்பவர் ஏன் லொறி கொண்டு வந்திருக்கிறார் என்று யோசியுங்கள். தனியே இருக்கும் பெண்கள் பக்கத்து வீட்டாரையும் அருகில் வைத்துக்கொண்டு பேசுங்கள். லாச்சிகளை எல்லாம் திறந்து பாருங்கள். உறுதிகள், பிறப்புச் சான்றிதழ், பழைய படங்கள் அலுமாரியோடு போய்விட்டால் திரும்பி வராது. கொடுக்க முன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

வெளிநாட்டில் உள்ள உறவினர் "அம்மம்மாவின் பெட்டகத்தை அனுப்பி விடுங்கோ" என்று கேட்பதும் உண்டு. நூறு வயது கடந்த தளபாடத்தையும் பண்பாட்டுச் சொத்தின் வகைகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் 1970ஆம் ஆண்டு உடன்படிக்கை கணக்கிடுகிறது. எங்கள் நாட்டிலும் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச்சட்டமும், 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டமும் இருக்கின்றன. இப்படியான பழம்பொருளை அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. பெட்டி கட்ட முன் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் துறைமுகத்தில் பெட்டகமும் போய், அனுப்பிய காசும் போய்விடும்.

மனதில் இருக்கும் அலுமாரி

குழுக் கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது. "அம்மா தந்ததை வித்துப்போட்டேன், பாவமோ?" என்று. ஒரு தாய் தன் சீதனப் பெட்டகத்தை விற்று மகளை உயர்தரம் படிப்பித்தார். மகள் இன்று ஆசிரியை. ஆனாலும் பெட்டகம் இருந்த மூலையை அவர் இன்னும் வெறுமையாகவே வைத்திருக்கிறார். அந்த மூலையில் ஒரு மேசை போட்டு மகளின் புத்தகங்களை வைக்கலாமே என்று சொன்னேன். சிரித்தார். இன்னும் போடவில்லை. அதற்கும் காலம் வேண்டும்.

எல்லாருடைய வீட்டிலும் பழைய சாமான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பிளாஸ்ரிக் கதிரையோடு நிறைவாக வாழும் வீடுகள் எத்தனையோ. இழந்ததை அதே போல இன்னொன்று வாங்கி ஈடுசெய்ய முயன்றால் சில வேளை கையும் சுடும், மனமும் சுடும். ஆனால் அளவு பார்த்து, மரம் பார்த்து, விலை பேசி வாங்கிய ஒரு பழைய சாமான் புதியதை விட மலிவாகவும் கிடைக்கும், பேரப்பிள்ளை காலம் வரை நிற்கவும் கூடும். அதோடு ஒரு பழைய நினைவும் சேர்ந்து வந்தால் அது மேலதிக இலாபம்.

குருநகர் அக்காவிடம் போன கிழமை மறுபடியும் போனேன். அலுமாரியில் ஒரு தட்டு மகனின் உடுப்புக்கு, ஒரு தட்டு பேத்தியின் புத்தகத்துக்கு, லாச்சியில் வீட்டுப் பத்திரங்கள். கீழ்ப்பக்கம் உக்கியிருந்த ஒரு பலகையை அதே ஓடாவி மாற்றிக் கொடுத்திருந்தார். அம்மாவின் பழைய திறப்பு எங்கே என்று கேட்டேன்.

"உதுக்குள்ளதான் வைச்சிருக்கிறன். பூட்டுக்குச் சேராது. எண்டாலும் இருக்கட்டும்" என்றார்.

சகோதரிகளே, இந்த மாதம் உங்கள் வீட்டில் உள்ள பழைய சாமான் ஒன்றின் லாச்சியை வெளியே இழுத்துப் பாருங்கள். யார் செய்தது, யாருக்குச் சீதனமாக வந்தது, எந்த இடப்பெயர்வில் எங்கே இருந்தது என்று மூத்தவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதற்குள் வையுங்கள். நாளைக்கு அதை வைத்திருப்பதா விற்பதா என்ற கேள்வி வந்தால், முடிவெடுக்க அந்தத் தாள் உங்களுக்கு உதவும்.